புஷ்பட்டன் ஸ்விட்ச் வடிவமைப்பு: கையை எடுத்தாலும் பாகம் நிற்க வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி இது. பேனலில் பொருத்தும் 22 மில்லிமீட்டர் புஷ்பட்டன் ஸ்விட்ச் ஒன்றில் 15 பாகங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கையால் அசெம்பிள் செய்து முடிக்கச் சுமார் 95 வினாடி ஆகிறது. மூடியை மூடும் நேரத்தில் ஸ்பிரிங் தெறித்து ஓடுகிறது. இந்த நேரத்தைக் குறைக்கத் தானியங்கி இயந்திரம் வாங்குவதா, வடிவமைப்பையே மாற்றுவதா?

வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும். கைக்கு அடங்காத பாகம் இயந்திரத்துக்கும் அடங்காது. மனிதர் விரல் நுனியின் உணர்வைக் கொண்டு சரிக்கட்டிவிடும் ஒரு தவறை இயந்திரம் சரிக்கட்டாது; நின்றுவிடும், அல்லது உடைத்துவிடும். புஷ்பட்டன் ஸ்விட்சுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மற்ற பொருள்களில் ஒரு பாகத்தை வைத்தால் அது வைத்த இடத்தில் கிடக்கும். ஸ்விட்சிலோ உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கடைசி மூடி பூட்டப்படும் வரை எதுவும் தன் இடத்தில் தானாக நிற்பதில்லை. ஆகவே நான் ஒரு ஸ்விட்சின் வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்பது பாகங்களின் எண்ணிக்கையை அல்ல. ஒவ்வொரு படியின் முடிவிலும் பொருத்துபவர் கையை எடுத்துவிட்டால், அதுவரை வைத்தவை அப்படியே நிற்குமா என்பதையே கேட்பேன். நிற்காத படி எதுவோ அங்கேதான் உங்கள் 95 வினாடியில் பெரும்பகுதி போய்க்கொண்டிருக்கும்.

இருந்தாலும் எண்ணிக்கையில் தொடங்குவதே வசதி. பொறியியல் பேராசிரியர்களான ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும் வளர்த்தெடுத்த அசெம்ப்ளி ஆய்வு முறையில், ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஸ்விட்ச் இயங்கும்போது இந்தப் பாகம் ஏற்கெனவே பொருத்திய மற்றவற்றிலிருந்து தனியாக அசைய வேண்டுமா? அடிப்படையான காரணத்தால் வேறு பொருளால் ஆனதாக, அல்லது மின்காப்பால் பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்ற பாகங்களைப் பொருத்தவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் பாகம் தனியாக இருப்பதற்குக் கொள்கையளவில் நியாயம் இல்லை.

உங்கள் 15 பாகங்கள் இவை: மேல்தொப்பி, அழுத்துதண்டு, மீட்பு ஸ்பிரிங், ஹவுசிங், சீல் வளையம், பாலம் போல் குறுக்கே கிடக்கும் அசையும் காண்டாக்ட், அதன் கீழ் உள்ள காண்டாக்ட் ஸ்பிரிங், வயரை இணைக்கும் இரண்டு டெர்மினல்கள், இரண்டு டெர்மினல் திருகுகள், அடித்தட்டு, அதைப் பிடிக்கும் இரண்டு திருகுகள், பேனலின் பின்னால் ஏறும் நட். மூன்று கேள்விகளையும் கடந்து 9 பாகங்கள் தேறுகின்றன. தொப்பி, காண்டாக்ட் ஸ்பிரிங், நான்கு திருகுகள் ஆகிய 6 தேறவில்லை. அம்முறையில் ஒரு பாகத்துக்கு 3 வினாடி என்பது குறையில்லாத நிலைக்கான அளவு. எனவே 9-ஐ 3-ஆல் பெருக்கி 95-ஆல் வகுத்தால் சுமார் 28 விழுக்காடு வரும். மீதி 72 விழுக்காடு நேரம் பிடிப்பதற்கும், திருப்புவதற்கும், முறுக்குவதற்கும், தெறித்ததைத் தேடுவதற்கும் செலவாகிறது.

தேறாத ஆறையும் உடனே நீக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தொப்பியை நான் தனியாகவே வைப்பேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறுவது தொப்பியில் மட்டுமே இருந்தால், மற்ற எல்லாம் ஒரே வகையாக அசெம்பிள் ஆகி அலமாரியில் காத்திருக்கலாம். ஆர்டர் வந்த பிறகு தொப்பியை மேலிருந்து ஒரு அழுத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அழுத்துதண்டோடு தொப்பியை ஒன்றாக வார்த்தால் ஒரு படி மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி இருப்பு சேரும். காண்டாக்ட் ஸ்பிரிங்கையும் விட்டுவைப்பேன். பாலத்தையே பாஸ்பர் வெண்கலம் போன்ற வில்தன்மையுள்ள தகட்டால் செய்து ஸ்பிரிங்கை நீக்குவது சிறு மின்னோட்டத்துக்குச் சரியாக வரும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்காந்த ஸ்விட்சான காண்டாக்டரின் காயிலை அடிக்கடி இயக்கும் ஸ்விட்சில் மின்னோட்டமும், காண்டாக்ட் பிரியும்போது தாவும் மின்பொறியான வில்பொறியும் பாலத்தைச் சூடாக்கும். சூட்டில் நெடுநாள் வளைந்தே இருக்கும் தகடு மெல்ல மெல்லத் தன் விசையை இழக்கும். விசை குறைந்தால் தொடும் இடத்தின் மின்தடை, அதாவது தொடுமின்தடை, ஏறும், அது மேலும் சூடாக்கும். ஒரு படியை மிச்சப்படுத்த இந்தச் சுழலுக்குள் போவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

இனி வைக்கும் திசை. புஷ்பட்டன் மேலே இருப்பதால் பலரும் அதை நிமிர்ந்த நிலையிலேயே அசெம்பிள் செய்யத் திட்டமிடுகிறார்கள்: அடித்தட்டை மேசையில் வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் ஹவுசிங்கைக் கவிழ்ப்பது. இதில் மீட்பு ஸ்பிரிங், பாலம், அழுத்துதண்டு எல்லாம் சுவரில்லாத கோபுரமாக நிற்க வேண்டியிருக்கிறது. கை பட்டால் சரிந்துவிடும். அதைவிட ஹவுசிங்கைத் தலைகீழாகப் பிடிகருவியில் வைப்பது நல்லது. அப்போது ஹவுசிங்கே கிண்ணமாகிவிடுகிறது. அழுத்துதண்டு அதனுள் இறங்கித் தன் தோளில் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பிரிங் தண்டைச் சுற்றியுள்ள குழியில் இறங்குகிறது. அடித்தட்டு மூடியாக மேலே வருகிறது. எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழே, புவியீர்ப்பின் துணையோடு நடக்கிறது. நடுவில் ஹவுசிங்கைத் திருப்ப வேண்டிய தேவை ஒருமுறைகூட வரக்கூடாது.

ஸ்பிரிங் தெறிப்பதன் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மூடி தன் வழிகாட்டிகளில் நுழைவதற்கு முன்பே ஸ்பிரிங்கைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் பொருத்துபவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறார்: மூடியை ஹவுசிங்கோடு நேர்ப்படுத்துகிறார், ஸ்பிரிங்கையும் அமுக்குகிறார். மூடி சற்றே சாய்ந்தாலும் ஸ்பிரிங் பக்கவாட்டில் நழுவுகிறது. இதற்கு மருந்து அளவுகளில் இருக்கிறது. அமுக்கப்படாத நிலையில் ஸ்பிரிங்கின் உச்சி ஹவுசிங் விளிம்புக்கு மேலே 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், மூடியின் வழிகாட்டி முளைகள் 7 மில்லிமீட்டராவது நீளமாக இருக்கட்டும். முளை முதலில் 2 மில்லிமீட்டர் உள்ளே போகும், அதன் பிறகே ஸ்பிரிங் தட்டுப்படும். முளைகளிலும் ஒன்றை மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக வையுங்கள். இரண்டு முளைகளை ஒரே நேரத்தில் இரண்டு துளைகளில் நுழைப்பது கடினம். ஒன்றை நுழைத்துவிட்டு மற்றதைத் தேடுவது எளிது. முனைகளில் சாய்விளிம்பு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் துளையின் வாயிலும் அது வேண்டும் என்பதைப் பல வரைபடங்கள் மறந்துவிடுகின்றன.

இந்த ஸ்விட்சில் மிகக் கடினமான படி பாலத்தைப் பொருத்துவதுதான். வழக்கமான வடிவத்தில் அழுத்துதண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜன்னல் இருக்கும். அதனுள் காண்டாக்ட் ஸ்பிரிங்கை வைத்து, ட்வீசரால் அமுக்கிப் பிடித்து, பாலத்தைப் பக்கவாட்டில் செருகி, அது நடுவில் வந்ததும் ட்வீசரை உருவ வேண்டும். நான் முதன்முதலில் வரைந்த ஸ்விட்சிலும் இதே ஜன்னல்தான். கணினித் திரையில் அழகாகத் தெரிந்தது. மாதிரிகளை நானே உட்கார்ந்து பொருத்தியபோது முதல் பத்தில் நான்கு ஸ்பிரிங்குகள் மேசைக்கு அடியில் கிடந்தன. மாற்று வடிவம் எளிமையானது. ஜன்னலின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அங்கே இரண்டு சிறு கொக்கிகளை வையுங்கள். ஸ்பிரிங் அதற்கென உள்ள குழியில் இறங்கி, நடுவில் உள்ள குமிழால் நிமிர்ந்து நிற்கும், கையை எடுத்துவிடலாம். பாலத்தை ஸ்பிரிங்கின்மேல் வைத்தால் அதன் அடியில் உள்ள சிறு பள்ளம் ஸ்பிரிங்கின் வாயில் உட்காரும். இப்போதும் கையை எடுத்துவிடலாம். பிறகு தட்டையான ஒரு கோலால் நேராகக் கீழே அழுத்தினால் பாலம் கொக்கிகளைத் தாண்டி "டக்" என்று அடங்கும். அமுக்குவதும் பூட்டுவதும் ஒரே நேர்கோட்டு அசைவில் முடிந்துவிடுகின்றன. அழுத்துதண்டு, ஸ்பிரிங், பாலம் மூன்றும் தெறிக்காத ஒரே பொருளாகிவிடுவதால், அடுத்த படிக்கு அதைத் தட்டில் கொட்டிக்கூட அனுப்பலாம்.

ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது இன்னொரு தலைவலி. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தால் கொத்தாக ஏழெட்டு வரும். பிரிக்கவே நேரம் போகும். சுருள்களுக்கு இடையே உள்ள இடைவெளி கம்பியின் விட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் அடுத்த ஸ்பிரிங்கின் கம்பி உள்ளே நுழைந்துவிடும் என்பதே காரணம். ஒரு கணக்குப் பார்க்கலாம். கம்பி 0.4 மில்லிமீட்டர், இயங்கும் சுருள்கள் 12, அமுக்கப்படாத நீளம் 16 மில்லிமீட்டர், இரு முனைகளும் மூடித் தேய்க்கப்பட்டவை என்றால், இடைவெளி ஏறத்தாழ 0.87 மில்லிமீட்டர், கம்பியைப் போல் இருமடங்குக்கு மேல். கண்டிப்பாகச் சிக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் சுருள் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. கம்பியை 0.45 ஆக்கினால் விறைப்பு 1.6 மடங்காகும், சுருள்களை 19 ஆக்கினால் அது ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பும். சுருளின் சராசரி விட்டத்தையும் 16 மில்லிமீட்டர் நீளத்தையும் மாற்றத் தேவையில்லை. புதிய இடைவெளி சுமார் 0.34 மில்லிமீட்டர், 0.45 கம்பி அதில் நுழையாது. விரலுக்குத் தெரியும் அழுத்தம் மாறவில்லை, சிக்கல் மட்டும் போய்விட்டது. முழுதும் அமுக்கிய உயரம் கூடும் என்பதால், தண்டின் ஓட்டத்துக்கு இடம் மிஞ்சுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் 6 மில்லிமீட்டருக்கு மேல் மிஞ்சுகிறது. திறந்த முனையுள்ள ஸ்பிரிங்கையும், ஒன்றனுள் ஒன்று அடங்கும் கூம்பு ஸ்பிரிங்கையும் கூடியவரை தவிர்த்துவிடுங்கள்.

பாகங்களின் சமச்சீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுச் சமச்சீர் தர முடிந்தால் தாருங்கள். முடியாவிட்டால், சமச்சீரின்மையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒரே பக்கம் வெள்ளிப்பூண் (டெர்மினலைத் தொடும் வெள்ளி முனை) வைத்த பாலம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இரண்டு பக்கமும் பூண் வைத்தால் எப்படி வைத்தாலும் சரியாக இருக்கும், ஆனால் வெள்ளிக்குச் செலவாகும். ஒரு பக்கம் மட்டும் வைப்பதாக இருந்தால், ஒரு ஓரத்தில் பெரிய வெட்டு ஒன்றைக் கொடுத்து, தலைகீழாக வைத்தால் கொக்கிக்குள் இறங்கவே இறங்காதபடி செய்ய வேண்டும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வைத்துவிட்டு "பார்த்து வையுங்கள்" என்று அறிவிப்புப் பலகை மாட்டுவது வடிவமைப்பு ஆகாது.

அடித்தட்டின் இரண்டு திருகுகளுக்குப் பதிலாகக் கவ்வுக்கொக்கிகளை வைக்கலாம்; ஆனால் இதில் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. சீரான தடிப்புள்ள கொக்கிக் கையில் ஏற்படும் உச்சத் திரிபை, அதாவது வளையும்போது பொருள் எத்தனை விழுக்காடு இழுபடுகிறது என்பதை, எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: தடிப்பையும் வளைவையும் பெருக்கி, ஒன்றரையால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். தடிப்பு 1.2, வளைவு 0.6, நீளம் 8 மில்லிமீட்டர் என்றால் திரிபு சுமார் 1.7 விழுக்காடு. கண்ணாடி இழை கலந்த நைலானுக்கு இது எல்லையை உரசும் அளவு. அதுவும் அச்சிலிருந்து வந்த உடனே, ஈரம் ஏறாத நைலானில் கொக்கி முறிந்துபோகும். நீளத்தை 10 மில்லிமீட்டராக்கினால் திரிபு 1.1 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நீளம் வர்க்கமாக வேலை செய்வதால், இடம் எங்கே கிடைத்தாலும் கொக்கியை நீட்டிக்கொள்ளுங்கள். தடிப்பைக் குறைப்பது இரண்டாவது வழி. கொக்கியின் வேரில் கூர்மூலை இருக்கக் கூடாது. சிறு வளைவு வேண்டும். மீட்பு ஸ்பிரிங் மூடியை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருப்பதால், பூட்டிய பிறகு கொக்கிக் கை வளைந்த நிலையில் இல்லாமல் இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். தாங்கும் முகம் செங்குத்தாக இருக்க வேண்டும். அல்ட்ராசானிக் வெல்டிங்கைச் சிலர் விரும்புவார்கள். உள்ளே மெல்லிய ஸ்பிரிங்கும் தொடுமுகங்களும் இருக்கும்போது அந்த அதிர்வும் அது கிளப்பும் பிளாஸ்டிக் தூளும் எனக்கு ஒத்துவரவில்லை.

சீல் வளையத்தைக் கையாள்வது எரிச்சலூட்டும் வேலை. ரப்பர் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். தண்டில் ஏற்றும்போது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வளையம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மென்ரப்பர் உதட்டை ஹவுசிங்கிலேயே இரண்டாம் வார்ப்பாக வார்த்துவிட்டால் இந்தப் படி அசெம்ப்ளி மேசையிலிருந்தே மறைந்துவிடும். தனி வளையம்தான் வேண்டும் என்றால், தண்டின் நுழைமுனையில் 15 முதல் 20 டிகிரிச் சரிவு கொடுங்கள். எளிதாக ஏறட்டும் என்று சிலிக்கோன் கிரீஸ் தடவும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். சிலிக்கோன் ஆவி மூடிய அறைக்குள் காண்டாக்டை அடைந்து, வில்பொறியில் சிதைந்து, சிலிக்காவாக மாறித் தொடுமுகத்தில் படியும். சிலிக்கா மின்கடத்தாப் பொருள். அசெம்ப்ளியில் இரண்டு வினாடி மிச்சப்படும். ஸ்விட்ச் சில மாதங்களில் விட்டுவிட்டு வேலை செய்யும்.

டெர்மினல்களை அடித்தட்டோடு சேர்த்தே வார்ப்பது, அல்லது முள்விளிம்பு வைத்து அழுத்தி இறக்குவது, இரண்டும் சரி. சேர்த்து வார்த்தால் இரண்டு தொடுமுகங்களின் உயரமும் ஒரே அச்சிலிருந்து வருவதால் ஒத்திருக்கும். திருகு டெர்மினல்தான் வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், திருகுகள் கழன்று விழாத வகையிலும், முழுதும் திறந்த நிலையிலும் அனுப்ப வேண்டும்; வயர் போடுபவர் முதலில் தளர்த்திவிட்டுப் பிறகு முறுக்கும் இரட்டை வேலை மிச்சமாகும். சர்க்யூட் போர்டில் அமரும் சிறு டாக்ட் ஸ்விட்ச்சாக இருந்தால் கேள்வியே வேறு. ஈயமில்லாத பற்றாசை உருக்கிப் பாகங்களை ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பில் உச்ச வெப்பம் 260 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சுமார் 170 டிகிரியில் உருகும் அசெட்டால் பிளாஸ்டிக்கில் பட்டனைச் செய்தால், போர்டு வெளியே வரும்போது பட்டன் இருக்காது.

அளவு விலக்கங்கள் சேர்ந்து வருவதையும் பார்க்க வேண்டும். பட்டன் எவ்வளவு இறங்கியதும் காண்டாக்ட் தொடும் என்பதை ஐந்து அளவுகள் தீர்மானிக்கின்றன, ஒவ்வொன்றும் கூட்டல் கழித்தல் 0.1 மில்லிமீட்டர் என்றால், மோசமான நிலையில் விலக்கம் 0.5 ஆகும், புள்ளியியல் முறையில் எதிர்பார்க்கக்கூடியது 0.22. பல தொழிற்சாலைகளில் இதைத் தீர்க்கப் பொருத்துபவர் டெர்மினலை லேசாக வளைத்துச் சரிசெய்வார். அந்த வளைத்தல் வரைபடத்தில் இல்லாத பதினாறாவது படி. பாகங்களைக் குறைத்தால் இந்தச் சங்கிலியின் கண்ணிகளும் குறைகின்றன. பாகங்களைக் குறைப்பதால் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான், மிச்சமாகும் வினாடிகள்கூட அதற்குப் பிறகுதான்.

சோதனையைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. பல்பை இணைத்துப் பட்டனை அழுத்திப் பார்ப்பது போதாது. காண்டாக்ட் ஸ்பிரிங்கே வைக்க மறந்த ஸ்விட்சிலும் பாலம் எப்படியோ தொட்டு, பல்பு எரிந்துவிடலாம்; விசையில்லாத அந்தத் தொடுகை பிறகுதான் காலை வாரும். ஆகவே தொடுமின்தடையை மில்லிஓம் அளவில் பார்க்க வேண்டும், அழுத்த விசையையும் அளக்க வேண்டும். அடித்தட்டை மூடுவதற்கு முன் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கண்ணாலோ கேமராவாலோ பார்க்கும்படி, கொக்கிகளின் பக்கத்தில் திறந்த இடைவெளி ஒன்றை விடுங்கள்.

பேனலில் மாட்டுபவரும் அசெம்பிள் செய்பவர்தான். 22 மில்லிமீட்டர் ஸ்விட்சுக்கான தரப்படுத்தப்பட்ட துளை 22.3 மில்லிமீட்டர், கூடுதலாக 0.4 வரை போகலாம். சுழலாமல் தடுக்க 3.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டும் உண்டு. களத்தில் துளை போடுபவர்கள் அந்த வெட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதை நம்பி மட்டும் வடிவமைத்தால் நட்டை முறுக்கும்போது ஸ்விட்சே சேர்ந்து சுற்றும். பேனலைக் கடிக்கும் சிறு பற்களை நட்டில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

எளிமையை நாடி எல்லை மீறக் கூடாத ஓரிடம் அவசர நிறுத்தப் பட்டன். அதில் மூடிய நிலையில் உள்ள காண்டாக்டை ஸ்பிரிங்கின் தயவில் திறக்கக் கூடாது. பட்டனின் அசைவு விறைப்பான பாகங்கள் வழியே நேரடியாகச் சென்று அதைப் பிரிக்க வேண்டும் என்பது ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60947-5-1, 60947-5-5 தரங்களின் கட்டாயம். காண்டாக்டுகள் ஒட்டிப்போயிருந்தாலும் பிய்த்தெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். காண்டாக்டுகளைத் தனிப் பெட்டியாகக் கொண்டு, பின்னாலிருந்து "டக்" என்று மாட்டும் காண்டாக்ட் பிளாக்குகள் அசெம்ப்ளிக்கு அருமையானவை. ஆனால் அது பாதி மட்டும் மாட்டி, பிறகு கழன்று விழுந்தால், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் சுற்று மூடியே இருக்கும், இயந்திரம் நிற்காது. அதனால்தான் பிளாக் பிரிந்தாலே சுற்றைத் தானாகத் திறந்துவிடும் தற்கண்காணிப்பு வகைகள் வந்தன. பாதி மாட்டிய நிலை என்ற ஒன்றே இல்லாதபடி கொக்கியை வடிவமையுங்கள்: முழுதாகப் பூட்டும், இல்லையென்றால் தள்ளி எறியும்.

இவற்றைச் செய்தால் மேசையில் கையாளும் பாகங்கள் 8 ஆகும்: தொப்பி, அழுத்துதண்டு, இரண்டு ஸ்பிரிங், பாலம், சீல் சேர்ந்த ஹவுசிங், செருகுமுனை டெர்மினல்கள் சேர்ந்த அடித்தட்டு, நட். இயந்திரத்தைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். பொருளோ காண்டாக்ட் பகுதியோ மாறியிருப்பதால் வெப்ப ஏற்றச் சோதனையையும் ஆயுள் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அச்சு செய்யக் கொடுக்கும்போது கொக்கிகளின் பிடிப்பளவைக் கணக்கில் வந்ததைவிட 0.1 மில்லிமீட்டர் குறைவாகவே கேளுங்கள். பிடிப்புப் போதவில்லை என்று தெரிந்தால் அச்சின் எஃகை அந்த அளவு செதுக்கி அதிகப்படுத்திக்கொள்ளலாம். அதிகமாகிப்போன பிடிப்பைக் குறைக்க அச்சில் எஃகைச் சேர்க்க வேண்டும், அதற்கு அச்சை வெல்டிங் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.